குழந்தைகள் நல நர்சிங் எம்.எஸ்சி. படித்தவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம் முடித்து, இப்போது பச்சிளங்குழந்தைகள் வார்டில் 2 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்சி.யில் குழந்தைகள் நலம் ஒரு பாடம்தான். அதையே முழுதாகப் படிக்க எம்.எஸ்சி. சேர ஆசை. அதற்குக் கேட்கிற 55 சதவீத மார்க், 1 வருஷ அனுபவம் இரண்டும் இருக்கிறது.

வார்டுக்கு வந்த புதிதில் ஒன்றேகால் கிலோ குழந்தைக்கு மஞ்சள் நிறக் கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போட சீனியர் அக்காதான் கற்றுக்கொடுத்தார். டார்ச் வெளிச்சத்தில் நரம்பு நூல் மாதிரி தெரிந்தது. மருந்தின் அளவெல்லாம் குழந்தையின் எடைக்கு, ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஒருநாள் தசமப் புள்ளியைத் தள்ளி எழுதிவிட்டேன். ஏற்றும் முன் அக்கா பார்த்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இதை ஒழுங்காகப் படித்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

எம்.எஸ்சி. ஆய்வுக்குக் கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையைத் தோலோடு தோல் படும்படி அணைத்து வைப்பதை, எடுக்க நினைக்கிறேன். எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனே நெஞ்சோடு அணைத்து, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வைத்திருக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. ஆனால் சிசேரியன் ஆன அம்மா வேறு வார்டில் படுத்திருக்கிறாரே! அப்பாவோ பாட்டியோ அணைக்க எது தடையாக இருக்கிறது என்று பார்க்கலாமா? படிப்பு நடக்கும் 2 வருஷத்துக்குள் முடியுமா?

வேலையை விடாமல், லீவு போட்டுப் படித்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். நுழைவுத் தேர்வுக்குப் படித்த பழைய நோட்ஸ் இருந்தாலும் கொடுத்து உதவுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.