வீட்டைச் சுற்றி இறங்கிய கான்கிரீட்: உடைப்பதா, தூக்குவதா? உங்கள் அனுபவம் என்ன?

சத்துவாச்சாரியிலிருந்து

வணக்கம். எங்கள் போர்ட்டிகோ தளம் சுவரோரம் ஏறக்குறைய இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் தெருப்பக்கம் போகாமல் சுவரடியில் வந்து தேங்குகிறது. மேலே இன்னொரு பூச்சுப் போட்டு மட்டமாக்கிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. முழுவதையும் உடைத்துப் போடச் சொல்கிறார் மைத்துனர். துளையிட்டு அடியில், விரிந்து இறுகும் ரசாயன நுரையைச் செலுத்தித் தளத்தைத் தூக்கலாம் என்கிறார் சென்னையிலிருந்து வந்து பார்த்த ஒருவர். மூவரும் உறுதியாகப் பேசுகிறார்கள். ஏன் இறங்கியது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்.

காட்பாடியிலிருந்து

ஏன் இறங்கியது என்று தெரியாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் அப்பா கட்டிய வீடு ஏரியை ஒட்டிய மனையில் இருக்கிறது. பள்ளத்தில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கிய இடம். வீட்டின் அஸ்திவாரம் கெட்டி மண் வரை போயிருக்கிறது. சுற்றுத் தளமோ கொட்டிய மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வீடு அசையாமல் நிற்க, தளம் மட்டும் இறங்கியது. சுவரோரம் அதிகம் இறங்குவதற்கும் காரணம் உண்டு. அஸ்திவாரத்துக்காகத் தோண்டிய பள்ளத்தைத் திரும்ப மூடும்போது பெரும்பாலும் மண்ணைத் தள்ளிவிட்டு மேலே மட்டும் மிதிக்கிறார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய மழைக்காலத்தில் எங்கள் மேற்குப் பக்கத் தளம் கண்ணெதிரே சாய்ந்தது.

எங்களிடமும் பூச்சு யோசனைதான் முதலில் வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பத்துக்குப் பத்து அடி, நாலு அங்குலத் தளமே இரண்டே கால் டன் எடை. ஏற்கெனவே தாங்காத மண்ணின் மேல் இரண்டு அங்குலம் கூட்டினால் இன்னும் ஒரு டன்னுக்கு மேல் ஏறும். மெல்லிய பூச்சு ஓரத்தில் விரிந்து பெயரும் என்பது வேறு.

கடப்பாரையின் அடிப்பக்கத்தால் தளம் முழுவதும் தட்டிப் பார்த்தோம். கெட்டியாக இருக்கும் இடத்தில் ஓசை அடங்கி வரும். வெற்றிடத்தின் மேல் பானையைத் தட்டியதுபோல் எதிரொலிக்கும். சுண்ணாம்பால் அந்த எல்லையைக் கோடு போட்டபோது அது நேராக மொட்டைமாடி மழைநீர்க் குழாயின் அடியில் போய் முடிந்தது. ஓரத்தில் சிறிது தோண்டினோம். கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். குழாய்த் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் சுவரடியிலேயே விழுந்து மண்ணை அரித்திருக்கிறது. பக்கத்திலிருந்த கழிவுநீர்த் தொட்டியின் இணைப்பும் விரிசல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. இதைச் சரிசெய்யாமல் தளத்தை எப்படிச் செப்பனிட்டாலும் அடுத்த ஐப்பசியில் மறுபடியும் இறங்கியிருக்கும்.

குழாயையும் தொட்டியையும் சரிசெய்த பிறகுதான் முறையைத் தேர்ந்தோம். எங்கள் தளம் பல துண்டுகளாக உடைந்திருந்தது; சில இடங்களில் கனம் இரண்டு அங்குலம்கூட இல்லை. அப்படிப்பட்ட தளத்தைத் தூக்கவே முடியாது. உடைத்து எடுத்தோம். கிராவல் மண்ணை ஆறு ஆறு அங்குலமாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்தோம். ஆட்கள் சலித்துக்கொண்டார்கள், நான் பக்கத்திலேயே நின்றேன். மேலே ஜல்லிக் கான்கிரீட், அதன் மேல் நாலு அங்குலத் தளம். ஐந்து அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சரிவு, சுவரை விட்டு வெளிப்பக்கமாக. சுவருக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி விட்டுத் தாரால் அடைத்தோம்.

நீராற்றுவதில் யார் பேச்சையும் கேட்காதீர்கள். வெயிலும் வறட்சியுமான இடத்தில் புதுக் கான்கிரீட்டைப் பத்து நாளாவது ஈரம் காக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயம் 456. வேலூர் வெயிலுக்கு வேறு கணக்கே கிடையாது. ஈரச் சாக்கு விரித்து வையுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து

காட்பாடி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தளம் துண்டுபடாமல் முழுசாக இருந்தால் உடைப்பது வீண் செலவு.

எங்கள் கார் நிறுத்தும் தளம் கேட் அருகே ஒரு பக்கம் இறங்கி, இணைப்பில் படியாக நின்றது. விரிசல் இல்லை. தளத்தில் துளைகள் போட்டு சிமெண்டும் மண்ணும் மணலும் கலந்த குழம்பை அழுத்தத்தில் செலுத்தித் தூக்கினார்கள். ஒன்றரை, இரண்டு அங்குலத் துளைகள். நுரை முறையில் துளை அரை அங்குலத்தைச் சற்றே தாண்டும். சில நிமிடங்களில் விரிந்து இறுகிவிடும், அன்றே வண்டி விடலாம். குழம்பு மலிவு, ஆனால் காய நேரம் கொடுக்க வேண்டும். அதன் எடையும் அதிகம், தளர்ந்த மண்ணின் மேல் அந்த எடையே மறுபடி இறக்கிவிடும். எங்களுக்கு அடியில் கெட்டிச் செம்மண், மேலே மட்டும் அரிப்பு. அதனால் குழம்பே போதுமானதாக இருந்தது. ஏரி மண் மேல் இருந்திருந்தால் நுரைக்குத்தான் செலவழித்திருப்பேன்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். நூல் கட்டி, ஒவ்வொரு துளையிலும் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் நல்ல தளமும் பிளந்துவிடும். அடியில் குழாய் எங்கே போகிறது, சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) எங்கே இருக்கிறது என்று வேலைக்கு முன்பே அடையாளம் காட்டுங்கள். உடைந்த கழிவுநீர்க் குழாய்க்குள் குழம்பு புகுந்து இறுகினால் பிறகு மொத்தத்தையும் தோண்ட வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து

எங்கள் வீட்டில் தண்ணீர்க் குற்றமே இல்லை, பெருச்சாளி. துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் வளை வைத்து மண்ணையெல்லாம் வெளியே தள்ளியிருந்தது. வளைகளில் கருங்கல் சில்லும் சிமெண்டும் திணித்து அடைத்தோம். பிறகு கான்கிரீட்டே வேண்டாம் என்று பேவர் பிளாக் பதித்துவிட்டோம். நடக்கும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர், வண்டி நிற்கும் இடத்துக்கு 80. இறங்கினால் அந்த இடத்தை மட்டும் பெயர்த்து, மண் நிரப்பி, அதே கல்லை வைக்கலாம். அக்கம்பக்கத்தாருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து

அக்கா, வாசலுக்கும் வண்டிக்கும் பேவர் நல்லதுதான். சுவரை ஒட்டி மட்டும் வேண்டாம். கல்லின் இடுக்குகளில் தண்ணீர் இறங்கும். களிமண் மனையில் அது அஸ்திவாரத்தடிக்குப் போகும். சுவரோரம் இரண்டரை, மூன்று அடிக்கு கான்கிரீட்டே இருக்கட்டும்.

சத்துவாச்சாரியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. இன்று தட்டிப் பார்த்தேன். சுவரோரம் நெடுக எதிரொலிக்கிறது. மழைநீர்க் குழாய் எங்களுக்கும் அங்கேதான் முடிகிறது. தளம் முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே கூடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஒரு விரிசலைக் கண்டேன். பழையதா, புதியதா என்று தெரியவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து

அப்படியானால் தளத்தைத் தூக்கும் வேலையை இப்போதைக்கு நிறுத்துங்கள். ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் விரிசல் அஸ்திவாரமே இறங்குவதால் வந்ததாக இருக்கலாம். அதை மேஸ்திரி தீர்மானிக்கக் கூடாது, கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். அதுவரை விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மழைநீர்க் குழாயை இன்றே ஒரு நீள பைப் வைத்துத் தெருப்பக்கம் திருப்பிவிடுங்கள்; எந்த முறையைத் தேர்ந்தாலும் அந்த வேலை வீணாகாது.