மெஜாரிட்டி இருந்தால் எதையும் மாற்றலாமா?

அல்சூர்க்காரன்:
மகள் இரண்டாம் பியுசி (பன்னிரண்டாம் வகுப்பு). அரசியல் சட்டத்துக்கு ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்று ஒன்று இருக்கிறதாம். மூன்றில் இரண்டு பங்கு பலம் இருந்தாலும் நாடாளுமன்றம் அதைத் தொடக்கூடாதாம். எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது என்றால் எதிலும் இல்லை என்கிறாள். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களை, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகள் தடுப்பதா?

சட்டமாணவி:
கேசவானந்த பாரதி வழக்கு, 24.4.1973. 13 நீதிபதிகள், 7க்கு 6 என்ற பெரும்பான்மைத் தீர்ப்பு. 368ஆவது பிரிவின்படி எதையும் திருத்தலாம், ஆனால் அடிப்படையை உடைக்கக் கூடாது என்றார்கள். முழுப் பட்டியல் எதுவும் தரவில்லை.

பழைய டைப்பிஸ்ட்:
அல்சூர் சார், பட்டியலை விடுங்கள், நம்ம பெங்களூர்க் கதையைக் கேளுங்கள். 1989இல் நான் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். கார்பன் வைத்து ரிட் மனு அடித்துக்கொண்டிருந்த காலம். 19 எம்எல்ஏக்கள் ஆதரவை வாபஸ் வாங்கியதாக ஆளுநருக்குக் கடிதம் போனது. அதில் ஏழு பேர் மறுநாளே ‘நாங்கள் ஆட்சியோடுதான்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். சபையைக் கூட்டுங்கள், நிரூபிக்கிறேன் என்றார் கர்நாடக முதல்வர் எஸ்.ஆர்.பொம்மை. ஆளுநர் கேட்கவில்லை, ஏப்ரல் 21 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து அவர் ஆட்சி போயிற்று. விதான சௌதாவுக்கு எதிரே அட்டாரா கச்சேரியில், அதாவது உயர் நீதிமன்றத்தில், போட்ட வழக்கும் தள்ளுபடி.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 11.3.1994. அதற்குள் தேர்தல் முடிந்து வேறு ஆட்சி. பொம்மைக்கு என்ன லாபம் என்று குமாஸ்தாக்கள் சிரித்தோம். ஆனால் தீர்ப்பைப் பாருங்கள். பலத்தை ராஜ்பவனில் எண்ணக் கூடாது, சபையில் எண்ணு என்றது. கூட்டாட்சியும் மதச்சார்பின்மையும் அடிப்படை என்றது. இதில் நீதிபதிகள் உங்கள் ஓட்டைப் பிடுங்கவில்லையே சார், உங்கள் எம்எல்ஏ கையிலேயே அல்லவா திருப்பிக் கொடுத்தார்கள்? 2018இல் எடியூரப்பாவுக்குப் பலத்தை நிரூபிக்க ஆளுநர் 15 நாள் கொடுத்தார். நடுராத்திரி வழக்கு நடந்து, மே 19 அன்றே வாக்கெடுப்பு என்றாகி, ஓட்டுக்கு முன்பே அவர் ராஜினாமா. எல்லாம் அந்தத் தீர்ப்பின் தயவு.

அல்சூர்க்காரன்:
சரி, எங்கள் தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 மூன்று முறையும் சபையில் பலம் இருந்த ஆட்சியைத்தான் கலைத்தார்கள். இந்தத் தீர்ப்பு அப்போதே வந்திருக்கலாம். ஆனாலும் 7க்கு 6 உறுத்துகிறது. ஒருவர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால்?

சட்டமாணவி:
சாய்த்துப் பார்த்தார்கள். அவசரநிலையில், 1975 நவம்பரில், தலைமை நீதிபதி ஏ.என்.ரே கேசவானந்த பாரதி தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய 13 பேர் அமர்வைக் கூட்டினார். வழக்கறிஞர் பல்கிவாலா எதிர்த்து வாதாடினார். இரண்டே நாளில் அமர்வை ரேயே கலைத்துவிட்டார்.