தொடரில் வரும் காட்டன் மேதர் ஐயர்: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

கிரேஸ் (8:05)
பெரியவர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். ‘சேலம்’ என்ற அமெரிக்கத் தொடரின் முதல் பருவத்தை இன்றுதான் பார்த்து முடித்தேன். அதில் காட்டன் மேதர் என்றொரு இளம் போதகர் வருகிறார். செத் கேபல் நடித்திருக்கிறார். மேடையில் சூனியக்காரிகளுக்கு எதிராக முழங்குகிறார், இரவில் குடித்துவிட்டு விலைமாதர் விடுதிக்குப் போகிறார், தகப்பனார் இன்கிரீஸ் மேதர் ஊருக்குள் வந்ததும் சிறுபிள்ளைபோல் ஒடுங்கிவிடுகிறார். அவர்மேல் எனக்கு இரக்கமே உண்டாயிற்று. இப்படி ஒருவர் உண்மையில் இருந்தாரா, பெரியப்பா?

நவமணி அத்தை (8:09)
சேலம் என்றவுடன் மாம்பழச் செய்தியாக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். இங்கே சூனியம் அல்லவா ஓடிக்கொண்டிருக்கிறது!

பெரியப்பா (8:34)
இருந்தார், கிரேஸ். 1663இல் பாஸ்டனில் பிறந்தவர். பதினொரு வயதில் ஹார்வர்டில் சேர்ந்தவர். திக்குவாயை முயன்று வென்று பிரசங்கியானவர். ஆனால் தொடரில் காட்டுவதுபோல் சேலத்தில் ஊழியம் செய்தவரல்ல. தகப்பனாரோடு பாஸ்டன் இரண்டாம் சபையில் இருந்தார். 1692இல் சூனிய வழக்குகள் கிளம்பிய, பாஸ்டனுக்கு அருகிலிருந்த சேலம் கிராமத்தின் போதகர் சாமுவேல் பாரிஸ் என்பவர். குடியும் விடுதியும் எழுத்தாளர்களின் கைச்சரக்கு. உண்மையான மேதரின் குற்றம் அதைவிடச் சாதுவானது. அதனாலேயே எனக்கு அது அதிக அச்சம் தருகிறது.

ஸ்டீபன் (8:41)
நானும் பார்த்தேன், பெரியப்பா. எனக்குள்ள குறை வேறு. அந்தத் தொடரில் சூனியக்காரிகள் மெய்யாகவே இருக்கிறார்கள். விசாரணைகளை மறைவிலிருந்து ஆட்டிவைப்பவர்களும் அவர்களே. அப்படியானால் போதகர் செய்த பிழை ஆளை மாற்றிப் பிடித்தது மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது. 1692இல் தூக்கில் தொங்கிய 19 பேரும், வழக்காட மறுத்ததற்காக மார்பின்மேல் கல்லேற்றிக் கொல்லப்பட்ட கைல்ஸ் கோரி என்ற முதியவரும் எந்தச் சூனியமும் அறியாதவர்கள். கதைச் சுவைக்காக அவர்களுடைய அக்கம்பக்கத்தார் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

நவமணி அத்தை (8:44)
கதையைக் கதையாகப் பார்க்க வேண்டும், தம்பி. அண்ணா, ‘சாதுவான குற்றம்’ என்றீர்களே, அதைச் சொல்லுங்கள்.

பெரியப்பா (9:02)
அந்த வழக்குகளில் பெரிய சாட்சியம் எது தெரியுமா? ‘இவளுடைய உருவம் இரவில் வந்து என் கழுத்தை நெரித்தது’ என்று பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் பெண்பிள்ளை கூறுவாள்; குற்றம் சாட்டப்பட்டவளோ அந்நேரம் தன் வீட்டில் படுத்திருப்பாள். இதை நம்பலாமா என்ற ஐயம் மேதருக்கு இருந்தது. மே மாத இறுதியிலேயே, இத்தகைய சாட்சியத்தின்மேல் அளவுக்கு மீறிச் சாய வேண்டாம் என்று நீதிபதிகளில் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 10இல் முதலாவதாக பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் போதகர்கள் சேர்ந்து அரசுக்கு ஆலோசனை அனுப்பினார்கள். ஜூன் 15 தேதியிட்ட அதை எழுதியவர் மேதர். அதில் எட்டுப் பத்திகள். முன்பகுதி நெடுக எச்சரிக்கை: பிசாசு குற்றமற்றவரின் உருவத்தையும் எடுத்து வரலாம், மிகுந்த கவனம் வேண்டும் என்றெல்லாம். எட்டாம் பத்தி ‘ஆயினும்’ என்று தொடங்கி, குற்றவாளிகள்மேல் விரைவாகவும் ஊக்கமாகவும் வழக்கு நடத்த வேண்டுமென்று பரிந்துரைக்கிறது. நீதிபதிகள் அந்த ஒரு பத்தியைப் பற்றிக்கொண்டார்கள். அதன்பிறகு மேலும் 18 பேர் தூக்குமேடை ஏறினார்கள். முப்பது ஆண்டுகள் அலுவலகக் கோப்புகளில் ‘எனினும்’ எழுதிக் கைகழுவிய எனக்கு அந்தச் சொல்லின் ருசி நன்றாகத் தெரியும்.

கிரேஸ் (9:06)
அப்படியானால் அவர் எழுதியதோடு சரியா? களத்துக்கு வரவே இல்லையா?

ஸ்டீபன் (9:13)
ஒருநாள் வந்தார். ஆகஸ்ட் 19 அன்று ஜார்ஜ் பரோஸ் என்ற போதகரைத் தூக்கிலிட ஏணியில் ஏற்றினார்கள். அவர் பரமண்டல ஜெபத்தைப் பிழையில்லாமல் சொல்லி முடித்தார். சூனியக்காரனால் அதைத் தடங்கலின்றிச் சொல்ல முடியாது என்பது அக்கால நம்பிக்கை. ஆகவே கூட்டம் கலங்கியது, சிலர் அழுதார்கள். அவர் உயிர் போன உடனே குதிரைமேலிருந்த மேதர், பரோஸ் அபிஷேகம் பெற்ற போதகர் அல்ல என்றும், பிசாசு பலமுறை ஒளியின் தூதனாக மாறியதுண்டு என்றும் சொல்லி மக்களை அமைதிப்படுத்தினார். மற்றவர்களையும் தூக்கிலிட்டார்கள். ராபர்ட் கேலிஃப் என்ற பாஸ்டன் வணிகர் 1700இல் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது.

நவமணி அத்தை (9:17)
வேதவசனத்தைக் கொண்டா அந்த மனிதரின் ஜெபத்தை அடைத்தார்? சாப்பாடு இறங்கவில்லை, ஸ்டீபன்.

கிரேஸ் (9:20)
பிற்பாடு வருந்தினாரா?

பெரியப்பா (9:38)
அந்த வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல் 1697இல், தன் மன்னிப்புக் கோரிக்கை சபையில் வாசிக்கப்படும்போது எல்லாருக்கும் முன்பாக எழுந்து நின்றார். மேதர் அப்படி நிற்கவில்லை. வழக்குகளை ஆதரித்து ஒரு நூலே எழுதினார். ஆனால் அதே மனிதர் 1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது, தன் வீட்டில் அடிமையாயிருந்த ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்கர் சொல்லக் கேட்ட அம்மை குத்தும் முறைக்காக ஊரையே பகைத்துக்கொண்டார். மருத்துவர்கள் எதிர்த்தார்கள், அவர் வீட்டுச் சன்னல் வழியே ஒருவன் எறிகுண்டு வீசினான், அது வெடிக்கவில்லை. தானாக நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 14 பேர் அளவில் இறக்க, குத்திக்கொண்டவர்களில் 2 பேர் அளவில்தான் இறந்தார்கள். இந்தப் பாதியைத் தொடர்க்காரர்கள் தொட்டிருந்தால் அந்தப் பாத்திரம் இன்னும் கனமாக வந்திருக்கும். குடியை வைத்துக் குழப்பத்தைக் காட்டுவது சுலபம்.

இன்னொன்றும் உண்டு. மேதர் நம் தரங்கம்பாடிக்கு, சீகன்பால்கு ஐயருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

நவமணி அத்தை (9:40)
என்ன சொல்கிறீர்கள் அண்ணா! எந்தச் சீகன்பால்கு? நம் ஐயரா?

பெரியப்பா (9:49)
1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அவரேதான். ஆனால் 1719இல் ஐயர் காலமாகிவிட்டார். பதில் எழுதியவர் அவருடைய உடன் ஊழியர் க்ருண்ட்லர். மேதர் இரண்டு கடிதங்களையும் 1721இல் பாஸ்டனில் புத்தகமாக அச்சிட்டார். அம்மை பரவிய அதே ஆண்டு.

கிரேஸ் (9:52)
அம்மா போனமுறை என்னைத் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அழைத்துப் போனபோது, உள்ளே ஐயரின் கல்லறை எதிரே புழுக்கம் தாங்காமல் ஐந்து நிமிடத்தில் வெளியே ஓடி வந்துவிட்டேன்.

நவமணி அத்தை (9:53)
டிசம்பரில் நான் கூட்டிப் போகிறேன். காலை எட்டு மணிக்குள் போய்விடலாம், வெயில் இருக்காது.