குடும்பக் குழுவில் ஒரு சேத்தக்

செல்வம் மாமா: [படம்]
பீரோவைக் காலி பண்றப்ப கிடைச்சுது. காலேஜ்ல என்.சி.சி. நேவல் விங்ல இருந்தப்ப கொச்சி கேம்ப்ல எடுத்தது. இடது பக்கத்துல இருந்து ரெண்டாவது ஆள் நான்தான்.

மல்லிகா சித்தி: அண்ணே, எவ்வளவு முடி அப்ப உனக்கு!

கார்த்தி: மாமா!! இதை டாக்குமெண்டா அனுப்புங்க ப்ளீஸ். போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் அமுக்கிடும், சின்ன எழுத்தெல்லாம் கலங்கிப் போயிடும். பின்னாடி நிக்கற ஹெலிகாப்டரோட நம்பர் வேணும்.

செல்வம் மாமா: மாமா எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லல, ஹெலிகாப்டர் நம்பர் கேக்கறான்

கார்த்தி: சூப்பரா இருக்கீங்க மாமா. டாக்குமெண்ட் அனுப்புங்க.

செல்வம் மாமா: [ஆவணம்]

திவ்யா அக்கா: இது சீட்டாவா சேத்தக்கா? எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது.

பெரியப்பா: வாலைப் பாரும்மா. வால் முழுக்கத் தகடு மூடி இருக்கு, கீழ மூணு சக்கரம் இருக்கு. அப்ப சேத்தக். சீட்டாவுக்கு முன்னாடி கண்ணாடிக் குமிழ் மாதிரி கேபின், வால் வெறும் கம்பிச் சட்டம், சக்கரத்துக்குப் பதிலா ஸ்கிட், அதாவது சறுக்குக் கம்பி. சேத்தக்ல பைலட்டையும் சேர்த்து ஏழு பேர் உக்காரலாம், சீட்டாவுல அஞ்சு. இன்ஜின் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

திவ்யா அக்கா: சரிப்பா. பிளேடு மூணையும் பின்பக்கமா மடிச்சுக் கட்டி வச்சிருக்காங்களே, அப்ப கப்பல்ல போற நேவி ஹெலிகாப்டர்தானே?

பெரியப்பா: அதை வச்சு மட்டும் சொல்லக்கூடாது. கொட்டகையில இடம் பத்தலைன்னாலும் மடிப்பாங்க. வால்ல என்ன எழுத்துன்னு பாரு.

கார்த்தி: ‘ஐ.என்.’ தெளிவா இருக்கு பெரியப்பா. நேவியேதான். அடுத்து 4, அதுக்கடுத்து ஒரு 6 மாதிரி தெரியுது. கடைசி எண் மாமாவோட தோளுக்குப் பின்னாடி போயிடுச்சு.

செல்வம் மாமா: அன்னிக்கே சொல்லியிருந்தா ஒதுங்கி நின்னிருப்பேன்

மல்லிகா சித்தி: டேய் கார்த்தி, ஒரு நம்பரைத் தெரிஞ்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற?

கார்த்தி: சித்தி, கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

இந்த ஹெலிகாப்டர் பிரான்ஸ்ல அலுவெட் 3-ன்னு பொறந்தது. முதல்ல பறந்தது 1959 பிப்ரவரி 28. அடுத்த வருஷமே மோன் பிளான் மலையில 4,810 மீட்டர் உயரத்துல ஏழு பேரோட போய் இறங்கிச்சு. இமயமலை நமக்கு இருக்கறதால இந்தியா அதுக்கு லைசென்ஸ் வாங்குச்சு. பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைல கோத்த முதல் சேத்தக் 1965 ஜூன்ல பறந்தது. அதுக்கப்புறம் அங்க மட்டும் 300-க்கு மேல செஞ்சிருக்காங்க.

அந்த முந்நூத்திச் சொச்சமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொண்ணோட வாழ்க்கையும் வேற. ஒண்ணு கப்பல்ல போயிருக்கும். ஒண்ணு வெள்ளத்துல மொட்டைமாடியில இருந்து ஆளுங்களைத் தூக்கியிருக்கும். ஒண்ணு மொரிஷியஸ் போலீஸுக்கோ நமீபியாவுக்கோ போயிருக்கும். கடைசியில எல்லாத்தையும் ‘பழைய ஹெலிகாப்டர்’னு ஒரே பேர்ல உடைச்சுப் போட்டுடறாங்க. எது எங்க இருந்துச்சு, என்ன பண்ணுச்சுன்னு யாராவது எழுதி வைக்கணும் சித்தி. நானும் சில நண்பர்களும் அதைத்தான் பண்றோம். ஒரு ஹெலிகாப்டருக்கு ஒரு வரி.

மல்லிகா சித்தி: படிச்சேன். நல்ல காரியம்தான்டா.

திவ்யா அக்கா: நம்பர் கிடைச்சா போதுமா? வரிசையா கோத்துடலாமே.

கார்த்தி: அங்கதான் அக்கா சிக்கலே. வால்ல இருக்கற நம்பர் படை கொடுக்கறது. கை மாறினா அதுவும் மாறலாம். விமானப்படைல ‘இசட்’, நேவில ‘ஐ.என்.’, கோஸ்ட் கார்டுல ‘சி.ஜி.’, தனியார்கிட்ட போனா ‘வி.டி.’. ஃபேக்டரில போடற நம்பர்தான் கடைசி வரைக்கும் மாறாது. அது உள்ள ரிவெட் அடிச்ச தகட்டுல இருக்கும். வெளிய இருந்து எடுத்த போட்டோவுல அது விழாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ராணுவத்துக்குன்னு தனியா ஆர்மி ஏவியேஷன் வந்தது 1986 நவம்பர் 1-ஆம் தேதி. அதுவரைக்கும் பீரங்கிப் படைக்கு வழிகாட்டற ஏர் ஓ.பி. வேலைக்குப் பறந்ததெல்லாம் அந்தக் கணக்குக்கு மாறிச்சு. அதனால எண்பதுகள்ல எடுத்த போட்டோன்னா 86-க்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டுட்டுத்தான் மேல போவோம்.

செல்வம் மாமா: போட்டோ பின்னாடி ஸ்டூடியோ முத்திரை இருக்கு. 1989.

கார்த்தி: அருமை மாமா!! அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்க. பாதிப் பேர் முன்பக்கம் மட்டும்தான் ஸ்கேன் பண்றாங்க. பின்பக்கத்துலதான் பாதி வரலாறு இருக்கு.

பெரியப்பா: கார்த்தி, ஒண்ணு சொல்லணும். தகடு மாறாதுன்னு சொன்ன, சரி. ஆனா தகடு மட்டும்தான் மாறாது. பிளேடு, கியர்பாக்ஸ், இன்ஜின் எல்லாத்துக்கும் இத்தனை மணி நேரம்னு ஆயுசு உண்டு. மணி முடிஞ்சா கழட்டி ஓவர்ஹாலுக்கு அனுப்புவோம். திரும்பி வர்றப்ப அது வேற ஹெலிகாப்டர்ல ஏறும். நான் ஹெலிகாப்டர் பராமரிப்பு வேலைல இருந்த காலத்துல ஒரே இன்ஜின் மூணு நாலு மெஷின்ல ஏறி இறங்கறதைப் பாத்திருக்கேன். அதனாலதான் ஒவ்வொரு பாகத்துக்கும் தனியா ஒரு கார்டு. எங்க ஏறிச்சு, எத்தனை மணி ஓடிச்சு, எப்ப இறங்கிச்சுன்னு கையெழுத்துப் போட்டு எழுதணும். ஒரு கையெழுத்து விட்டுப் போனா மெஷின் தரையை விட்டு எழும்பாது.

கார்த்தி: இதை அப்படியே என் ஷீட்ல குறிப்பா போட்டுக்கறேன் பெரியப்பா.

திவ்யா அக்கா: அப்பா, நீங்க சேத்தக் ஸ்டார்ட் பண்றப்ப வர்ற சத்தம் பத்தி அடிக்கடி சொல்வீங்களே, அதையும் எழுதுங்க.

பெரியப்பா: ஆர்டூஸ்ட் இன்ஜின்மா அது. நிமிஷத்துக்கு 33,500 சுத்து. எப்பவும் அதே வேகம்தான், ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. ஸ்டார்ட் பண்ணினா முதல்ல ஊளை மாதிரி மெல்லிசா ஒரு சத்தம் கிளம்பி மேல மேல ஏறும். பிளேடு அசையவே அசையாது. நடுவுல ஒரு கிளட்ச் இருக்கு. இன்ஜின் வேகம் ஏறினப்புறம்தான் அது சேரும், அப்புறம்தான் பிளேடு மெதுவா தலை திருப்பும். புதுசா வர்ற பசங்க இன்ஜின் கத்துது, பிளேடு சுத்தலையேன்னு பயந்துடுவாங்க. இன்ஜினுக்கு மேல மூடி கிடையாது, அப்படியே வெளிய தெரியும். மழையானாலும் வெயிலானாலும் ஏணி இல்லாம கை வச்சு வேலை பாக்கலாம். இப்ப வர்ற எதுலயும் அந்த வசதி இல்லை.

செல்வம் மாமா: அண்ணே, அவ்வளவு சின்ன வண்டி சியாச்சின் வரைக்கும் எப்படி ஏறுது?

பெரியப்பா: சியாச்சின்ல பேர் வாங்கினது சீட்டா. இன்ஜின் அதே இன்ஜின். அது 870 குதிரைத்திறன் கொடுக்கும், ஆனா கீழ அதைவிட ரொம்பக் குறைச்சுத்தான் ஓட்ட விடுவாங்க. மேல போகப் போகக் காத்து மெலிஞ்சு இன்ஜின் பலம் குறையும். மிச்சம் வச்சிருக்கற பலம் அங்கதான் உதவும். சீட்டாவே இந்திய ராணுவம் கேட்டதுக்காகச் செஞ்சதுதான். பழைய அலுவெட் 2 உடம்பு லேசா இருக்கும். அதுல அலுவெட் 3-ஓட இன்ஜினையும் ரோட்டரையும் வச்சாங்க. பிரான்ஸ்ல அதுக்கு லாமான்னு பேர். 1969-ல இமயமலைல 7,500 மீட்டர்ல இறக்கி ஏத்திக் காட்டினாங்க.

கார்த்தி: அதே லாமாலதான் ஜான் பூலே 1972 ஜூன் 21-ஆம் தேதி 12,442 மீட்டர் போனார். மேல போனதும் இன்ஜின் அணைஞ்சிடுச்சு. அங்க இருந்து தரை வரைக்கும் இன்ஜின் இல்லாம, பிளேடு காத்துலயே சுத்தற வேகத்தை வச்சு இறக்கினார்.

மல்லிகா சித்தி: ஐயோ. உயிரோட வந்தாரா?

கார்த்தி: பத்திரமா வந்தார் சித்தி.

பெரியப்பா: அப்புறம் 84 ஏப்ரல் 13. சியாச்சினைப் பிடிச்ச ஆபரேஷன் மேகதூத். அங்க பிலாஃபோண்ட் லா கணவாயில ஜவான்களைக் கொண்டுபோய் இறக்கினது சீட்டாக்கள்தான். நம்ம நாட்டு ஹெலிகாப்டர் வரலாறுல அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் பெருசாத் தோணல.

திவ்யா அக்கா: சேத்தக் சண்டைக்கே போனதில்லையாப்பா?

கார்த்தி: நான் சொல்றேன் அக்கா. 1971 டிசம்பர் 3 ராத்திரி. வங்கதேச விடுதலைப் போராளிகளோட கிலோ ஃப்ளைட்ங்கற சின்ன விமானப் பிரிவுல ஒரு அலுவெட் 3 இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ராக்கெட் கட்டிட்டுப் போய் நாராயண்கஞ்ச் எண்ணெய்க் கிடங்கை அடிச்சாங்க. ஆள் ஏத்தறதுக்குன்னு செஞ்ச வண்டி அது. இந்த மாதிரி ஒண்ணோட வரி பாதியில நின்னு போச்சுன்னா எனக்குத் தூக்கமே வராது.

*

செல்வம் மாமா: [ஆவணம்]
அந்த கேம்ப்ல கூட இருந்த நண்பன்கிட்ட கேட்டேன். அதே நாள்ல அவன் எடுத்த போட்டோ. இதுல நான் இல்லை, நம்பர் மறையாது.

கார்த்தி: மாமாஆஆ!!

திவ்யா அக்கா: கடைசி எண் 3 தானே?

பெரியப்பா: எனக்கு 8 மாதிரி தெரியுது. கண்ணாடி போட்டுத்தான் பாக்கறேன்.

திவ்யா அக்கா: வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுப் பாத்தேன். இடது பக்கம் பெயிண்ட் உரிஞ்சிருக்கா, இல்ல அங்க எழுத்தே இல்லையான்னு பிடிபடல. போன்ல ஒரு ஆப் 3-ன்னு கூர்மையாக்கிக் கொடுத்துச்சு.

கார்த்தி: அந்த ஆப் வேண்டாம் அக்கா. அது இல்லாத கோட்டைத் தானா வரைஞ்சு கொடுக்கும். நான் ஷீட்ல ‘3 அல்லது 8’னுதான் போடப் போறேன். 1989, கொச்சி, ரெண்டு போட்டோ. அவ்வளவுதான் நமக்கு உறுதியாத் தெரியும். ஒருத்தர் ஊகமா எழுதினதை அடுத்தவர் பாத்து எழுதி, பத்து பேர் எழுதினப்புறம் அது உண்மையாயிடும். அப்புறம் திருத்தவே முடியாது.

பெரியப்பா: சரியாச் சொன்ன. எங்க வேலைலயும் அதான் சட்டம். கண்ணால பாக்காததுக்குக் கையெழுத்துப் போடாதே.

மல்லிகா சித்தி: இதெல்லாம் ராணுவ விஷயமாச்சே, வெளிய போட்டா வம்பு வராதா?

கார்த்தி: இப்ப சர்வீஸ்ல இருக்கறது எங்க நிக்குது, எங்க போகுதுன்னு எழுதவே மாட்டோம் சித்தி. ஓய்வு பெற்றது, மியூசியத்துல இருக்கறது, பொதுமக்களைக் கூட்டி வச்சு காட்டின ஷோல எடுத்தது, இவ்வளவுதான். கோவால நேவி விமான அருங்காட்சியகத்துல ஒரு சேத்தக் இருக்கு. யார் வேணா போய்ப் பாக்கலாம். மாமா, உங்க நண்பர் பேரைப் போடாம போட்டோவை மட்டும் சேர்த்துக்கவா? கேட்டுச் சொல்லுங்க.

செல்வம் மாமா: கேட்டுட்டேன். தாராளமா போடச் சொன்னான். வேற யாராவது அந்த மெஷினை எடுத்திருந்தா தனக்கும் சொல்லணுமாம்.

பெரியப்பா: செல்வம், உன் போட்டோ பின்னாடி பென்சில்ல எழுதி வை. பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும். அழுத்தியும் எழுதாதே.

செல்வம் மாமா: ஊர், கேம்ப், வருஷம் எழுதிட்டேன் அண்ணே. கூட நிக்கறவங்கள்ல ஞாபகம் இருக்கற பேரும்.

கார்த்தி: சித்தி, சித்தப்பா பெங்களூர்ல இருந்தப்ப ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குப் போனீங்கல்ல? போட்டோ எடுத்தீங்களா?

மல்லிகா சித்தி: எடுத்தார்டா, ரெண்டு ரோல். அந்த ஆல்பம் பரண் மேல பெட்டில இருக்கு. ஞாயித்துக்கிழமை இறக்கச் சொல்றேன்.

கார்த்தி: நெகட்டிவ் இருந்தா அதையும் எடுத்து வைங்க சித்தி. தூக்கிப் போட்டுடாதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.