சேற்றில் நடக்கும் பொழுதுபோக்குக்கு ஒரு சொல் வேண்டும்

புதுச்சேரி, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். பள்ளி இயற்கை மன்றத்துக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நெதர்லாந்தின் வாடன் கடலில் ஓதம் (கடல்நீரின் ஏற்றம்) வடிந்ததும் கிலோமீட்டர் கணக்கில் சேறு வெளிப்படும். மக்கள் வழிகாட்டியோடு இறங்கித் தீவு வரைக்கும் நடக்கிறார்கள். வேலைக்காக அல்ல, சேற்றில் திரியும் மகிழ்ச்சிக்காக. டச்சில் 'வாட்லோப்பன்'. 'சேற்றுநடை' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.

சிதம்பரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சேற்றுநடை சப்பென்றிருக்கிறது அம்மா. குறள் 500: 'காலாழ் களரில் நரியடும்'. யானையின் காலே புதைந்து, நரியே அதைக் கொன்றுவிடும் நிலம். பரிமேலழகரும் சேற்றுநிலம் என்றே பொருள் கொள்கிறார். 'களர்நடை' என்று வையுங்கள். அளறு என்றும் ஒரு சொல் உண்டு. ஆனால் குறள் 255-இல் அதற்கு நரகம் என்று பொருள், விட்டுவிடலாம்.

பாகூர், விவசாயி:
ஐயா, இன்று களர் என்றால் சோடியம் ஏறிய நிலம். ஜிப்சம் போட்டுத் திருத்துகிறோம். காய்ந்தால் இறுகிவிடும், கால் எங்கே புதைவது? நடவுக்குக் கலக்கிய சேறு எங்களுக்குத் தொளி. அப்புறம், நடக்கும் முறையைக் கையேட்டில் எழுதினீர்களா? முழங்கால் வரை புதைந்த காலை நேராக இழுத்தால் சேறு விடாது. குதிகாலை மெல்ல ஆட்டி, ஓரத்தில் நீரும் காற்றும் புக இடம் கொடுத்து உருவ வேண்டும். அந்த ஆட்டம் சொல்லிலும் இருக்கட்டும். நீராடல், புனலாடல் போல 'சேறாடல்'.

சிதம்பரம், தமிழாசிரியர்:
சேற்றில் ஆடுதல் வேற்றுமைப் புணர்ச்சி. நன்னூல் 183-இன்படி றகரம் இரட்டிச் 'சேற்றாடல்' ஆக வேண்டும்.

பாகூர், விவசாயி:
நூற்பா 'மிகவே', அதாவது பெரும்பாலும், என்கிறது ஐயா, எப்போதும் என்று சொல்லவில்லை.

கடலூர், கல்லூரி மாணவர்:
'சேற்றுலா' எப்படி? சுற்றுலா தெரிந்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். புணர்ச்சியிலும் ஐயா குறை காண முடியாது.

சிதம்பரம், தமிழாசிரியர்:
புணர்ச்சி சரி தம்பி, பொருள்தான் இடிக்கிறது. உலா என்பது தலைவன் வீதியில் பவனி வருவது. சேற்றில் ஒவ்வோர் அடியும் போராட்டம்.

பாகூர், விவசாயி:
எனக்கு வேறு கவலை. உலா என்றாலே கூட்டம் வரும். நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். வாடன் போன்ற பரந்த வெளி இங்கே இல்லை. இறங்க நினைப்பவர் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குத்தான் போவார். அங்கே வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும். மிதித்தால் வேரும் போகும், காலும் கிழியும். கையேட்டில் இதைக் கட்டாயம் எழுதுங்கள். ஏரி வற்றும் ஓரங்கள் போதும், அதுவும் பறவை கூடு கட்டாத காலத்தில்.

புதுச்சேரி, மொழிபெயர்ப்பாளர்:
மூச்சுவேர் எச்சரிக்கையைத் தனிப்பெட்டியில் சேர்த்துவிட்டேன், நன்றி. தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் சேற்றுலா என்கிறார்கள். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

சிதம்பரம், தமிழாசிரியர்:
சரி, அனுப்புங்கள். என் வாக்கு களர்நடைக்கே. வள்ளுவர் வைத்த பொருளை உர மூட்டைக்கு விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.