புது லேப்டாப்பில் இன்சர்ட் விசையே இல்லை, என்விடிஏவை எப்படிச் சமாளிப்பது?

திண்டுக்கல் டீச்சர்:
எனக்குப் பார்வை கிடையாது. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இதுவரை நம்பர் பேடு உள்ள பழைய 15 இன்ச் லேப்டாப்பில், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளை வைத்து ஓட்டிவந்தேன். தம்பி இப்போது 14 இன்ச்சில் புதிது வாங்கித் தந்திருக்கிறான். எடை குறைவு, பேட்டரியும் நன்றாக நிற்கிறது. ஆனால் கீபோர்டில் பாதியைக் காணோம்! நம்பர் பேடு, ஹோம், எண்ட் எதுவும் இல்லை. இன்சர்ட்டும் இல்லை, அதோடு சேர்த்து அழுத்தித்தான் என்விடிஏவுக்குக் கட்டளை கொடுப்பேன், அதுதானே உயிர்? பழைய அமைப்புகளை அப்படியே நகலெடுத்துப் போட்டதால் வேறு விசையைத் தேர்ந்தெடுக்க முதலில் வரும் வரவேற்புப் பெட்டியும் வரவில்லை.

இன்னொரு தொல்லை. குரலை நிறுத்த வலது கண்ட்ரோலைத் தட்டித்தான் பழக்கம். அங்கே இப்போது மைக்ரோசாஃப்ட்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை உட்கார்ந்திருக்கிறது. வாயை மூடு என்றால் புதிதாக ஒரு ஜன்னலைத் திறந்து அதையும் வாசிக்கிறது. வெள்ளிக்குள் மதிப்பெண் பட்டியல் ஏற்ற வேண்டும். தம்பி தனிக் கீபோர்டு வாங்கிக்கொள் என்கிறான். அதையும் சுமப்பதற்கா எடை குறைந்த லேப்டாப்?

கேப்ஸ்லாக் கட்சி:
டீச்சர், நானும் என்விடிஏதான். விண்டோஸ் + பி அழுத்துங்கள், கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகான்களுக்குப் போகும். மறைந்திருப்பவற்றில் என்விடிஏ இருக்கும். அதன்மேல் ஷிஃப்ட் + எஃப்10 தட்டினால் மெனு வரும். (எஃப்10 ஒலியைக் கூட்டிக் குறைத்தால் எஃப்என் (Fn) விசையையும் சேர்த்து அழுத்துங்கள்.) பிரிஃபரன்சஸ், செட்டிங்ஸ், கீபோர்டு என்று போய் லேஅவுட்டை லேப்டாப் என்று மாற்றி, கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக டிக் செய்யுங்கள்.

அதற்கப்புறம் கேப்ஸ் லாக் + எல் இருக்கும் வரியை வாசிக்கும், கேப்ஸ் லாக் + ஏ தொடர்ந்து வாசிக்கும். நிஜமான கேப்ஸ் லாக் வேண்டுமென்றால் சட்டென்று இரண்டு தட்டு. தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிப்பவருக்கு அது எதற்கு என்பது வேறு விஷயம்!

பெரும்பாலான 14 இன்ச் மாடல்களில் எஃப்என் + இடது அம்பு ஹோம், வலது அம்பு எண்ட், மேல் கீழ் அம்புகள் பேஜ் அப், பேஜ் டவுன். எக்செலில் ஏ1 கட்டத்துக்குப் போக கண்ட்ரோல் + எஃப்என் + இடது அம்பு.

சர்வீஸ் அண்ணன்:
கோபைலட் விசை 2024ல் வந்தது. பார்க்க ஒரு விசை, உள்ளே விண்டோஸ் + ஷிஃப்ட் + எஃப்23 மூன்றையும் சேர்த்து அனுப்புகிறது. மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற மென்பொருள் இலவசம். அதன் கீபோர்டு மேனேஜரில் ஷார்ட்கட்டை மாற்றும் பகுதிக்குப் போய், அந்த மூன்றையும் வலது கண்ட்ரோலாக மாற்றுங்கள். அழுத்திப் பிடித்துச் செய்யும் வேலைக்குச் சில நேரம் முரண்டு பிடிக்கும். குரலை நிறுத்த ஒரு தட்டு போதுமே. பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். லாகின் திரையில் வேலை செய்யாது.

திண்டுக்கல் டீச்சர்:
கேப்ஸ் லாக் பேசுகிறது! கோபைலட்டும் அடங்கிவிட்டது, நன்றி. ஆனால் பழையதில் எஃப்4க்கும் எஃப்5க்கும் நடுவே இடைவெளி இருக்கும், விரல் தானாகப் போகும். இதில் எல்லாம் ஒரே வரிசையாக ஒட்டிக் கிடக்கிறதே?

கேப்ஸ்லாக் கட்சி:
எஃப்4, எஃப்8 மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். கல் வைத்தது வேண்டாம், மூடும்போது திரையில் இடிக்கும். சின்ன வெல்வெட் பொட்டு போதும்.