பழைய கொரோல்லாவில் எஞ்சின் லைட் எரிந்தால்

என்னிடம் இருப்பது ஏஇ100 கொரோல்லா, 5ஏ-எஃப்இ எஞ்சின். காலமை முதல் ஸ்டார்ட்தான் பிரச்சினை. சாவியைத் திருப்பித் திருப்பி, அக்சிலேட்டரையும் மிதித்துக்கொண்டு நின்றால்தான் எடுக்கும். சூடேறிய பிறகு ஒரு குறையும் இல்லை. டாஷ்போர்டில் எஞ்சின் லைட் மட்டும் அணையாது. கராஜில் ஸ்கேனரோடு வந்த பொடியன் ஸ்டியரிங்குக்குக் கீழே தேடிவிட்டு, "அண்ணை, இதில செருக இடமே இல்லையே" என்றான். பிறகு பிளக் மாத்துவம், பெற்றோல் பம்ப் பாப்பம் என்று பட்டியல் போடத் தொடங்கினான். நான் காரை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

இந்த வயதுக் கார் தன் கோளாறைத் தானே சொல்லும். பொனட்டைத் திறந்தால் 'டயக்னோசிஸ்' என்று மூடியில் எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். எந்தத் துளைக்கு என்ன பெயர் என்று மூடியின் உட்பக்கத்தில் படம் போட்டிருக்கிறார்கள். டிஇ1, இ1 இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைக்க வேண்டும். வெயிலில் அல்ல, நிழலில் நின்று நிதானமாகப் பார்த்துச் செருகுங்கள். பக்கத்தில் உள்ள +பி துளையில் பற்றரி மின்சாரம் வரும், அதை இ1-உடன் முட்டவிட்டால் ஃபியூஸ் போய்விடும். ஏசி ஓஃப், கியர் நியூட்ரல், அக்சிலேட்டரில் கால் இல்லை. சாவி ஓன் வரை மட்டும், எஞ்சினை இயக்கக் கூடாது.

கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றால் லைட் ஒரே சீராக விநாடிக்கு இரண்டு தரம் மின்னும். என்னுடையது இரண்டு தரம் மின்னியது, ஒன்றரை விநாடி ஓய்ந்தது, மறுபடி இரண்டு தரம். அப்புறம் நாலரை விநாடி அணைந்திருந்துவிட்டுத் திரும்பவும் அதே. 22, அதாவது கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம்) வெப்பநிலை சென்சரின் சுற்று.

காலமைத் தொல்லைக்கு இதில் விடை இருக்கிறது. அந்தச் சென்சரிலிருந்து ஒழுங்கான தகவல் வராவிட்டால், எஞ்சின் கணினி கூலன்ட் 80 பாகை செல்சியஸில் இருப்பதாக எடுத்துக்கொண்டு ஓட்டும். ஆறிக் கிடக்கும் எஞ்சினுக்குத் தேவையான கூடுதல் பெற்றோலைக் கொடுக்காது. "டெம்பரேச்சர் ஊசி சரியாத்தானே காட்டுது?" என்று தம்பி கேட்டான். ஊசிக்குப் போவது ஒற்றை வயர் சென்சர். கணினிக்குப் போவது வேறு, இரட்டை வயர்.

உடனே புதுச் சென்சர் வாங்க ஓட வேண்டாம். 22 என்பது சென்சர், கனெக்டர், வயர், கணினி வரையுள்ள முழுப் பாதைக்குமான எண். நல்ல சென்சர் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் காட்ட வேண்டும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், என்னுடையது நல்லது. கனெக்டருக்குப் பின்னால் யாரோ எப்போதோ சுற்றிவிட்ட டேப்பை உரித்தபோது, உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அவ்வளவையும் வெட்டி எறிந்து புது வயர் பற்றவைத்து, பெற்றோல் செலுத்தும் அமைப்புக்கான இஎஃப்ஐ ஃபியூஸைக் கொஞ்ச நேரம் கழற்றிப் போட்டேன். எண் அழிந்தது, காலமை ஸ்டார்ட்டும் சரியாகிவிட்டது.

* * *

அண்ணை, ஏசியும் காலும் பற்றிச் சொன்னீர்கள், காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஏசி போட்டிருந்தாலோ, அக்சிலேட்டரை மிதித்திருந்தாலோ, ஓட்டோ கியர் டி-யில் இருந்தாலோ 51 வரும். அது கோளாறு அல்ல. அதை வைத்து சுவிட்ச் விற்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

என்னுடையது அடுத்த மாடல், ஏஇ110 கொரோல்லா. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சொக்கெட் இருக்கிறது. ஆசையோடு மலிவான புளூடூத் கருவி ஒன்றைச் செருகினால், இணைக்க முடியவில்லை என்றே ஃபோன் சொல்கிறது. உருவம்தான் ஒன்று, உள்ளே பேசும் முறை வேறு. ஸ்கேனர்கள் காரோடு பேசும் பொது முறையான ஓபிடி-2 அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து கட்டாயம். ஜப்பானுக்குள் ஓடுவதற்கென்று செய்து பிறகு நம்மிடம் வந்த கார்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. 4-ஆம், 13-ஆம் முனைகளை இணைத்தேன், மின்னியது. ஆனால் ஏபிஎஸ், எயார்பேக் லைட்களும் கூடச் சேர்ந்து மின்னும், பயப்பட வேண்டாம். எனக்கு 42 வந்தது, வேகச் சென்சர். ஸ்பீடோமீட்டர் ஊசி இடையிடையே விழுந்ததும் அதனால்தான்.

* * *

ரொறொன்ரோவில் 1995 ஹொண்டா சிவிக் வைத்திருக்கிறேன். இதில் பயணி கால் வைக்கும் பக்கப் பலகைக்குப் பின்னால் நீலநிற இரண்டு முனைக் கனெக்டர். பேப்பர் கிளிப்பே போதும். நீண்ட மின்னல் ஒவ்வொன்றும் பத்து, குறுகியது ஒன்று. ஃபோனில் வீடியோ எடுத்துவிட்டு ஆறுதலாக எண்ணுங்கள். எனக்கு நாலு நீளம், ஒரு குறுகல்: 41, ஒட்சிசன் சென்சரின் ஹீட்டர். மீட்டரும் ஹீட்டர் அறுந்துவிட்டதாகவே காட்டியது. கண்டுபிடிக்க ஐந்து நிமிடம். குளிர்கால உப்பில் துருப்பிடித்துப்போன சென்சரைக் கழற்ற ஒரு சனிக்கிழமை முழுதும் போனது.